வாடகை வந்து சேரவில்லை என்கிறாரா வீட்டுக்காரர்?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், காசு வாங்குவது உறவுக்காரர். தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. கைக்காசு கொடுத்தால் மாதம், தொகை, வாங்கியவர் கையொப்பத்தோடு பற்றுச்சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். வங்கியில் போட்டால் குறிப்பில் வீட்டு இலக்கத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். வெறும் ‘வாடகை’ என்றிருந்தால் பழைய நிலுவைக்கு வரவு வைத்துவிடுவார்கள். வைப்பு இயந்திரம் தரும் துண்டு நாளடைவில் வெளிறிவிடும், அன்றே படமெடுங்கள். வாடகையை வாங்கவே மறுக்கிறாரா? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடென்றால் மாநகர சபையில் செலுத்த வழியுண்டு. (எல்லா வீடும் அதற்குள் வராது, சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.) ‘முற்பணத்தில் கழியுங்கள்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவது மட்டும் வேண்டாம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிராவிட்டால் அதுவும் நிலுவைதான்.