மௌனப்படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று மாயத்தைத் துடைத்துவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் இந்த வேலையைப் பழக வருகிற பையன்கள் எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆரம்பத்தில் நானும் அங்கேதான் சறுக்கினேன். மௌனப்படத்தைச் சீராக்கி வீட்டு டிவிக்குக் கொண்டுவருவதே பொறுமையான வேலை. அது குழந்தைகளுக்கான மாயக்கதை என்றால் இன்னும் நிதானம் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கீழே போடாதே என்கிற ரக அறிவுரைகளை எல்லாம் விட்டுவிட்டு, செய்யக் கூடாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தூசி நீக்கும் மென்பொருளிடம் படத்தை ஒப்படைப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். தூசி பெரும்பாலும் ஒரே ஒரு பிரேமில், அதாவது பிலிமின் ஒரு தனிப் படத்தில் இருக்கும், முன்னும் பின்னும் இருக்காது. மென்பொருள் அதைத்தான் தேடுகிறது. ஒரு பிரேமில் தோன்றி மறைவது எதுவானாலும், பக்கத்துப் பிரேமிலிருந்து எடுத்து ஒட்டி மூடிவிடும். மாயக்கதையில் மாயமே அப்படித் தோன்றி மறைவதுதானே? தேவதையின் கோலில் தெறிக்கும் பொறி, பிலிமின் மேலேயே கீறி வரைந்த மின்னல், தண்ணீர்த் துளி எல்லாமே அதன் கணக்கில் அழுக்கு.

இந்திய சினிமாவின் முன்னோடி பால்கே 1919-இல் எடுத்த 'காளிய மர்தன்' படத்தில் அவர் மகள் மந்தாகினிதான் குட்டிக் கிருஷ்ணன். அந்த மாதிரி ஒரு நீர்ச்சண்டைக் காட்சியை ஒரு தம்பி ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் கொண்டுவந்தான். "அண்ணே, ஒரு புள்ளிகூட இல்ல, பாருங்க."

பிரேம் பிரேமாக நகர்த்தினேன். பையன் கையை ஓங்கி அடிக்கிறான், தண்ணீர் எழும்புகிறது, துளிகளை மட்டும் காணோம். வேகமாக வீசிய கையில் இரண்டு விரலையும் காணோம்.

"ஏல, மூல ஸ்கேன் எங்க?"

"இடம் பத்தலண்ணே, அழிச்சிட்டேன்."

மறுபடி ஸ்கேன் செய்ய வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கூலியும் இரண்டாம் முறை. பழைய பிலிம் ஒவ்வொரு தடவை இயந்திரத்தில் ஏறும்போதும் கொஞ்சம் தேயத்தான் செய்யும், அது பணத்தால் திரும்பாது.

அசையாத காட்சியில் மென்பொருளை ஓடவிடுங்கள், சரி. மாயக் காட்சிகளைக் கையால்தான் செய்ய வேண்டும். அப்புறம், மூலத்திலிருந்து சுத்தம் செய்ததைக் கழித்துப் பாருங்கள். நீக்கப்பட்டது மட்டும் கறுப்புத் திரையில் தெரியும். அங்கே சிதறிய புள்ளிகள் தெரிந்தால் நல்லது. மூக்கோ விரலோ பொறியின் வடிவமோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேமராவை நிறுத்தி ஆளை மாற்றுவது, ஆரம்பகால பிரெஞ்சு மாயப்பட இயக்குநர் மெலியே காலத்து வித்தை. அங்கே படம் ஒரு குதி குதிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து மென்பொருளால் இணைத்தால், பட்டென்று மறைய வேண்டிய ராட்சசன் கரைந்து போவான். குழந்தைகள் வியப்பதே அந்தப் பட்டில்தான்.

விநாடிக்கு 24 பிரேமில் ஓட்டுவது

அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரே படத்திலேயே வேகம் மாறும். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம். ஆயிரம் அடிச் சுருள், விநாடிக்கு 16 பிரேம் வேகத்தில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும். 24-இல் 11 நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். விழும் துணியையும் தண்ணீரையும் பார்த்து வேகத்தை முடிவு செய்யுங்கள், எடை பொய் சொல்லாது. 18 என்று முடிவானால், புளூ-ரே டிஸ்க்கில் அந்த வேகம் கிடையாது. மூன்று பிரேமுக்கு ஒன்றை இரட்டித்தால் 24 ஆகிவிடும். இடைப் பிரேம்களைக் கணினியிடம் வரையச் சொல்லாதீர்கள்.

வேகம் முடிவாகும் முன் நாகஸ்வர, தவில் வித்வான்களை உட்கார வைத்து இசை பதிவு செய்யவும் வேண்டாம்.

நீலத்தை நீக்குவது

இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயத்தை எடுத்துவிட்டால் நடுமத்தியானத்தில் விளக்கோடு அலைவார்கள்.

துகளை வழித்தெடுப்பது

இது தூசி இல்லை, பிலிமிலேயே இருக்கும் நுண்துகள். அதை வழித்தால் முகம் மெழுகாகிவிடும்.

நைட்ரேட் பிலிமை வீட்டில் வைப்பது

அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் பற்றிக்கொள்ளும் ரகம். நம்மூர் சித்திரை வெயிலில் கூடவே கூடாது. தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது.

எழுத்து அட்டையைப் பிடுங்குவது

காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் மூல அட்டை இருக்கட்டும். தமிழைத் தனி வசனவரியாகக் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்காக, அந்தக் காலத்து டென்ட் கொட்டகைகளில் அட்டையை வாசித்துக் காட்டியதுபோல ஒரு குரலையும் தனி ஒலித்தடத்தில் சேருங்கள்.

டிவியை மறப்பது

இப்போதைய டிவிகள் அசைவை வழுவழுப்பாக்குகிறேன் என்று தாமாகவே இடைப் பிரேம் சேர்க்கின்றன. நீங்கள் காப்பாற்றிய குதி அங்கே போய்விடும். அந்த வசதியை அணைக்கச் சொல்லி டிஸ்க் உறையிலேயே ஒரு வரி அச்சடியுங்கள்.