சமையலறைக் கழிவுக்குப் பை வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பச்சை நிறம், ஓர் இலைப் படம், கூடவே 'பயோடிகிரேடபிள்' என்று ஒரு வார்த்தை. இவ்வளவு இருந்தால் போதும், பலரும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்று சொல்லாத பையை நம்ப வேண்டியதில்லை. 'ஆக்ஸோ' என்று போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். அது சாதாரண பாலித்தீன்தான். அதில் கலந்த ரசாயனம் அதைத் துண்டு துண்டாக உடைக்கும், அவ்வளவே, மிஞ்சுவது நுண்பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டது.

சரி, தரச்சான்று உள்ள பை என்றால்? ஈஎன் 13432 (ஐரோப்பியத் தரம்), ஏஎஸ்டிஎம் டி6400 (அமெரிக்கத் தரம்) போன்ற எண்களைத் தேடலாம். ஆனால் இரண்டுமே கழிவைக் குவித்து உரமாக்கும் பெரிய உரக்கூடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குவியலின் சூடு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 12 வாரம் கழித்து 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது ஈஎன் 13432. வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு பெரும்பாலும் வராது. அதே பை, மாதங்கள் கழித்தும் கிளறுகிற குச்சியில் கந்தலாகச் சுற்றிக்கொண்டு வரும். வீட்டு உரத்துக்கென்றே தனிச் சான்று உண்டு, அதைப் பாருங்கள். இல்லையென்றால் பையே வேண்டாம், கூடையைக் கழுவினால் போயிற்று.

செடியிலிருந்து செய்ததெல்லாம் மக்கும் என்பதும் தப்புக்கணக்கு. கரும்பிலிருந்து எடுத்தாலும் பாலித்தீன் பாலித்தீன்தான்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, கழிவு எங்கே போகிறது என்று விசாரிக்காமல் வாங்குவதுதான். உரக்கூடத்துக்குப் போகிறதென்றால் சான்று பெற்ற பை சரி. கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைக்கு என்றால் கதையே வேறு. பல ஆலைகளில் எந்தப் பையாக இருந்தாலும் முதலிலேயே கிழித்துப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே விட்டால் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். சில இடங்களில் சாதாரண பிளாஸ்டிக் பையிலேயே போடச் சொல்வது இதனால்தான். கேட்க விசித்திரம்தான், ஆனால் அங்கே அதுவே சரி. கழிவு எடுக்க வருபவரிடமே கேட்டுவிடலாம்.

காகிதப் பை எடுப்பவர்கள் ஓர் ஓரத்தை மெல்லக் கிழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்த பிறகும் மெல்லிய தோல் போல ஒன்று இழுபட்டால், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பூச்சு இல்லாத காகிதம் நல்லதுதான், ஆனால் நீரை வடிக்காமல் கொட்டினால் அடி கழன்றுவிடும். பழைய செய்தித்தாளை மடித்து அடியில் போடுங்கள்.

ஸ்டார்ச் (மாவுச்சத்து) கலந்து செய்த மக்கும் பையைக் காற்றுப்புகாத கூடையில் மாட்டுவது வீண். அதன் வழியே ஈரம் ஆவியாக வெளியேறும். பக்கவாட்டில் துளையுள்ள கூடையில்தான் அந்தப் பலன் கிடைக்கும். அப்புறம், விலை குறைகிறதே என்று கட்டுக்கட்டாக வாங்கி அடுப்புப் பக்கம் அடுக்காதீர்கள். சூடும் ஈரமும் பட்டால் பிரிக்கும்போதே கிழிய ஆரம்பிக்கும்.