பெற்றோரிடம் கணக்குப் பாடத் தரத்தைச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் பேசியதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். "உங்கள் மகன் கணக்கில் ஏ2. நன்றாகப் படிக்கிறான்." அவ்வளவுதான், அடுத்தவரை அழைத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

தரத்தை மட்டும் சொல்லி அனுப்புவது

தமிழ்நாட்டில் 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது ரேங்க் போனது. வகுப்பறைச் செயல்பாடுகளைப் பார்த்துத் தரும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதி எழுத்துத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, இரண்டையும் கூட்டி ஒரு தரம். பிள்ளைகளின் பயத்தைக் குறைத்த நல்ல மாற்றம் அது. ஆனால் கூட்டிய எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை நாம் பிரித்துச் சொன்னால்தான் பெற்றோருக்குத் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் என்னிடம் ஒரு சிறுமி படித்தாள். தீக்குச்சிக் கட்டுகளை அழகாக அடுக்குவாள், நாணய விளையாட்டில் அவள்தான் கடைக்காரி. வளரறியில் 37, எழுத்துத் தேர்வில் 45. மொத்தம் 82, அதாவது 81 முதல் 90 வரைக்கான ஏ2 தரம். அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "நன்றாகப் படிக்கிறாள்" என்றேன். மகிழ்ச்சியாகப் போனார்.

அடுத்த ஆண்டு வகுத்தலில் அவள் திணறியபோதுதான் பழைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். 402 − 178 = 376 என்று எழுதியிருந்தாள். எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் பூஜ்யம் போக ஏழு, நான்கில் ஒன்று போக மூன்று. எது மேலே, எது கீழே என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். நான்கு கணக்குகளிலும் இதே தவறு. நான்கிலும் சிவப்பு மையால் தப்புக்குறி போட்டவள் நான்தான். ஏன் தப்பு என்று பார்க்கவே இல்லை.

"டீச்சர், போன வருஷம் நன்றாகப் படிக்கிறாள் என்றீர்களே" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

தரத்தைச் சொல்லுங்கள், கூடவே எந்த வகைக் கணக்கில், எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறது என்று சொல்லுங்கள். விடைத்தாள் மேசையில் விரிந்திருக்கட்டும்.

அரும்பு, மொட்டு, மலரை ரேங்க் ஆக்குவது

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தர 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை அடுத்தடுத்த கற்றல் நிலைகள். ஒரே பிள்ளை தமிழில் மலரிலும் கணக்கில் மொட்டிலும் இருக்கலாம். "இன்னும் அரும்புதான்" என்றால் அம்மாவின் முகம் வாடிவிடுகிறது, வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது. இப்போது எதுவரை தெரியும், அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது

பெற்றோரே கேட்டாலும் கூடாது.

புத்தகச் சொல்லிலேயே பேசுவது

'இனமாற்றம்' நமக்குத்தான் புரியும். அவர்கள் படித்தது 'கடன் வாங்கிக் கழித்தல்'.

இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைப்பது

அந்த அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 402 ரூபாயில் 178 ரூபாய் செலவானால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்காமல் 224 என்றார். நூறு ரூபாய்த் தாளைப் பத்து பத்தாக மாற்றி மகளுக்குக் காட்டச் சொன்னேன். ஒரே வாரத்தில் அவள் சரியாகக் கழித்தாள். ஓராண்டுக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம்.