படகுக்கு இஞ்சின் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கொழும்பு முகத்துவாரத்தில் புதிதாக மீன்பிடிப் படகு வாங்குகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை குதிரைவலு போடலாம்?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்து வந்தபின் படகு எங்கே நிற்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

காக்கைதீவுக் கரை மாதிரி மணலில் இழுத்து ஏற்றுகிற படகென்றால் பின்பலகையில் வெளியே மாட்டுகிற வெளியிணைப்பு மோட்டார்தான் நல்லது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற அதன் கால் பகுதியைத் தூக்கிவிட்டுப் படகை இழுக்கலாம். படகுக்குள்ளேயே பொருத்துகிற உள்ளிணைப்பு இஞ்சினில், புரொப்பெல்லரைச் சுற்றுகிற தண்டான சாஃப்டும் புரொப்பெல்லரும் சுக்கானும் படகின் அடியிலேயே நிற்கும், மணலில் மோதினால் வளைந்துவிடும். துறைமுகத்தில் கட்டி வைக்கிற பலநாள் கலத்துக்கோ டீசல் உள்ளிணைப்புத்தான் சரி. பாரம் தாழ்வாக, உள்ளே இருக்கும். நாள்கணக்கில் ஓடினாலும் தாங்கும்.

வெளியிணைப்பு என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துச் சறுக்குவது காலின் நீளத்தில். என் மாமா ஒரு பழைய மோட்டாரை மலிவு என்று வாங்கினார். படகின் பின்பலகை 20 அங்குலம், மோட்டாரின் கால் 15 அங்குலம். களனி ஆற்றில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. கழிமுகம் தாண்டி அலையில் ஏறியதும் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றியது. இஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை. பக்கத்தில் போன படகு கயிறு கொடுத்து இழுத்து வந்ததால் தப்பினார். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற கடல் இது, அந்த ஐந்து அங்குலம் உயிர் விஷயம். மோட்டாரை மாட்டுகிற பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளந்து பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு, அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். நீளம் கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். அது படகைப் பின்னுக்கு இழுக்கும், ஆழம் குறைந்த இடத்தில் தரையிலும் இடிக்கும்.

உள்ளிணைப்பில் பெட்ரோல் இஞ்சினைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டி அந்த ஆவியை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் ஒரு பொறியே போதும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது.

எரிபொருளின் இன்றைய விலையை மட்டும் நம்பி மோட்டார் எடுக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. மலிவு எண்ணெய் என்று கணக்குப் போட்டு மண்ணெண்ணெய் மோட்டார் வாங்கியவர்கள் பலர் அன்று தொழிலுக்கே போகவில்லை.

பழுதுபார்ப்பையும் இப்போதே நினையுங்கள். 15 குதிரைவலு வெளியிணைப்பைக் கழற்றி ஓட்டோவில் போட்டு மெக்கானிக்கிடம் கொண்டு போகலாம். உள்ளிணைப்பு என்றால் மெக்கானிக் படகுக்கு வர வேண்டும், சாஃப்டில் பழுதென்றால் படகையே கரையேற்ற வேண்டியிருக்கும். சரி, எதை வாங்கினாலும் உப்பு விடாது. கடலிலிருந்து வந்ததும் வெளியிணைப்பை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். பாவித்த உள்ளிணைப்பு வாங்குவதாக இருந்தால், கடல்நீர் நேராக இஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விக்கிறதா, அல்லது உள்ளே நன்னீர் தனியாகச் சுற்றுகிறதா என்று கேளுங்கள். நன்னீர் சுற்றுகிற இஞ்சின் உள்ளே அரிப்பது குறைவு.

பாவித்த வெளியிணைப்பு என்றால் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ஓடும்போது பின்னாலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் தடையில்லாமல் பீய்ச்ச வேண்டும். அது மெலிந்து சொட்டினால், பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கும்.