எல்கேஜி புள்ளையோட சாயங்காலத்தை விளையாட்டுக்கு மீட்டுக் குடுக்குறது எப்படி

என் பையன் எல்கேஜி சேர்ந்த ரெண்டாவது மாசமே டைரில ஒரு பக்கம் 'அ', ஒரு பக்கம் ஏபிசிடி, அப்புறம் 1ல இருந்து 50 வரைக்கும்னு ஹோம்வொர்க் வர ஆரம்பிச்சுது. சேலம் அம்மாபேட்டைல எங்க வீட்டு சந்துல மத்த புள்ளைங்க ஓடிட்டு இருக்கும், இவன் உள்ள நோட்டு முன்னாடி கண்ணு கலங்கி உக்காந்திருப்பான், நானும் கத்துவேன். ஒரு நாள் பென்சிலைப் பாத்ததும் கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான். அன்னிக்கே மாத்தணும்னு முடிவு பண்ணேன், 3ல இருந்து 6 வயசு வரைக்கும் புள்ளை வச்சிருக்கவங்க இதை முயற்சி பண்ணிப் பாருங்க.

மொதல்ல அந்தக் கையைப் புரிஞ்சுக்கங்க. மணிக்கட்டுல 8 குட்டி எலும்பு இருக்கு, பொறக்கும்போது எல்லாமே வெறும் குருத்தெலும்பு, வருசம் போகப் போக ஒன்னொன்னா கெட்டிப்படும், கடைசி எலும்புக்குப் பத்து வயசு கிட்ட ஆயிடும். விரல் தசையும் அப்படித்தான் மெதுவா வரும். அதனால நாலு வயசுல கை வலிக்குதுன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, நிஜமாவே வலிக்கும்.

வேன்ல இருந்து இறங்குனதும் ரெண்டு மணி நேரம் ஸ்கூல் பையைத் தொறக்கவே தொறக்காதீங்க, போனும் வேணாம். 3, 4 வயசுப் புள்ளை ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிசம் உடம்பை அசைச்சு விளையாடணும், அதுல 60 நிமிசமாவது மூச்சு வாங்க ஓடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிருக்கு, காலைல முழுக்க பெஞ்சுல உக்காந்துட்டு வர்ற புள்ளைக்கு சாயங்காலத்தை விட்டா வேற நேரம் ஏது? நொண்டி, கண்ணாமூச்சி, குலை குலையா முந்திரிக்கா எதுவானாலும் சரி, சும்மா மண்ணைக் கிளறிட்டு இருந்தாலும் விட்ருங்க.

எழுத்துக்கு முன்னாடி விரலுக்கு வேலை குடுங்க. சப்பாத்தி மாவு பிசைய விடுங்க, பட்டாணி உரிக்க விடுங்க, ஈரத்துணி பிழிய விடுங்க. அப்புறம் தரைல சாக்பீஸ்ல பெருசா எழுதட்டும், 'அ'ல ஆரம்பிக்காதீங்க, அதுல வளைவு ஜாஸ்தி, ட, ப எல்லாம் நேர்கோடுதான், சீக்கிரம் வந்துடும், வந்துருச்சுங்கற சந்தோசத்துல அடுத்ததை அவனே கேப்பான்.

கணக்குக்கு எங்க மாமியாரோட பல்லாங்குழிதான். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஒன்னொன்னா போட்டுட்டே வரும்போது எண்ணிக்கையும் வருது, விட்டுக்குடுத்து ஆடவும் வருது. (குன்றிமணி மட்டும் போடாதீங்க, அது விஷம், கடிச்சுட்டா ஆபத்து.) சாயங்காலப் பசிக்குத் தட்டுவடை செட் வீட்டுலயே அடுக்க விடுங்க, கீழ ஒரு தட்டுவடை, சட்னி, துருவின கேரட் பீட்ரூட், மேல இன்னொன்னு, எது முதல்ல எது அடுத்ததுன்னு வரிசை பிடிக்கிறது இந்த வயசுல பெரிய கணக்குங்க.

மிஸ்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அவங்களுக்கும் மேல இருந்து ப்ரெஷர். டைரில, "மிஸ், இன்னிக்கு ஒரு வரி எழுதினான், கை வலிச்சுது, நிறுத்திட்டேன், தரைல எழுதிப் பாத்தோம்"னு தன்மையா எழுதுங்க, நான் மூணு வாரம் விடாம எழுதுனேன், அப்புறம் அரைப் பக்கமா குறைச்சாங்க. சிபிஎஸ்இ ஸ்கூல்னா 2022ல வந்த அடிப்படை நிலை தேசிய கலைத்திட்டமே 3ல இருந்து 8 வயசு வரைக்கும் விளையாட்டு வழியாத்தான் படிப்புன்னு சொல்லுது, பேரண்ட்ஸ் மீட்டிங்ல அதைத் தாராளமா எடுத்துச் சொல்லலாம். சொந்தக்காரங்க "எங்க புள்ளை 100 வரை எழுதுது"ன்னா சந்தோசம்னு சொல்லிட்டு விடுங்க, ஆனா புள்ளை காதுல விழுற மாதிரி ஒப்பிட்டு மட்டும் பேசாதீங்க, அதை நான் பண்ணிருக்கேன், இப்பவும் மனசு உறுத்துது.

ஞாயித்துக்கிழமை முடிஞ்சா ஏற்காடு கூட்டிட்டுப் போங்க. மேல போறதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவு, நம்பர் போர்டை அவனையே படிக்க விடுங்க, எங்க பையன் நோட்டுல எழுத மாட்டேன்னு அழுத 11ஐ அங்கதான் கத்திச் சொன்னான். வளைவுல வாந்தி எடுக்குற புள்ளையா இருந்தா அடிவாரத்துல குரும்பப்பட்டி பார்க்கே போதும், மான் எத்தனைன்னு எண்ணலாம், அது ஓடிட்டே இருக்கும், அவனும் மறுபடி மறுபடி எண்ணிட்டே இருப்பான்.