பழைய இராணுவ குரோனோகிராப் மணிக்கூடு: காசு கொடுக்க முதல் பார்க்க வேண்டியவை

குரோனோகிராப் என்றால் ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைமணிக்கூடு. முதல் மணிக்கூட்டுக்கு, பிரித்தானியப் படைகளுக்காக 1970களில் செய்த ஹமில்டன் அல்லது சீடபிள்யூசி (CWC) நிறுவன மணிக்கூட்டைத்தான் சொல்வேன். உள்ளே வல்ஜூ 7733, சாவி கொடுக்கிற எந்திரம். உதிரிப்பாகம் இன்னும் தேடி எடுக்கலாம்.

1. பின்மூடி
பிரித்தானிய அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி, 6பிபி (விமானப்படை) அல்லது 0552 (கடற்படை), 924-3306 என்ற இராணுவப் பொருள் இலக்கம், பிறகு தொடரிலக்கமும் ஆண்டின் கடைசி இரு இலக்கமும் பொறித்திருக்க வேண்டும். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூடி முழுக்கக் கீறல், எழுத்து மட்டும் புத்தம் புதிது என்றால் வாங்க வேண்டாம்.

2. டயல்
வட்டத்துக்குள் ஆங்கில ‘டி’ இருந்தால், இருட்டில் ஒளிரும் டிரிட்டியப் பூச்சு. அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 12.3 வருடம். 1974ஆம் ஆண்டு மணிக்கூடு இன்றைக்கும் விடியவிடிய ஒளிர்ந்தால், பூச்சு பிறகு பூசியது. விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டாம் உலகப்போர்க் கால மணிக்கூடுகள் பலவற்றில் ஒளிர்வது ரேடியம், கதிரியக்கப் பொருள். அவற்றை வீட்டில் திறக்கவே கூடாது, தூசி மூச்சோடு உள்ளே போகும்.

3. ரீசெட்
நிறுத்திய முள்ளைத் திரும்பவும் 12க்குக் கொண்டுவருவதுதான் ரீசெட். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேல் பட்டனை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓட விட்டு, நிறுத்தி, கீழ் பட்டனை அழுத்துங்கள். ஓடும்போது கீழ் பட்டனைத் தொட வேண்டாம். இதையே பத்துத் தடவை செய்யுங்கள். நடு முள் ஒவ்வொரு முறையும் 12க்கு ஒரே அளவு தள்ளி நின்றால், முள்ளைக் கழற்றிச் சரியாகப் பொருத்தினால் போதும். ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே நின்றால், முள் தளர்ந்திருக்கும் அல்லது முள்ளைத் திருப்புகிற இதயவடிவத் தகடும் (கேம்) அதை அடிக்கும் சுத்தியலும் தேய்ந்திருக்கும். தேய்மானம் என்றால் செலவு பெரிது. தொடங்கும்போது முள் சிறிது துள்ளுவது பல் பொருந்துவதால், அது பழுதல்ல. நிமிடத்தை எண்ணும் 3 மணிப் பக்கத்துச் சிறு முள், நடு முள் 60ஐத் தாண்டும்போது ஒரு கோடு மட்டுமே நகர வேண்டும். தூரத்து விற்பனையாளரிடம் இதையெல்லாம் வெட்டாத வீடியோவாகக் கேளுங்கள்.

4. திறப்பதும் வைப்பதும்
திருகு மூடிக்கு ஒட்டும் ரப்பர் பந்துதான் நல்லது; இரும்புச் சாவி வழுக்கினால் எழுத்திலேயே கீறும். மட்டக்களப்பில் கடற்காற்றும் வாவி ஈரமும் உருக்கு லீவர்களைத் துருவாக்கும். காற்றுப்புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மாரியில் கட்டிக்கொண்டு வெளியே போக வேண்டாம். பழைய பட்டன் வாஷர்கள் தண்ணீரைத் தடுக்காது.

பிறகு சேர்த்தது: கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசிக்குள் புதைப்பதாகச் சிலர் சொன்னார்கள். அரிசித் தவிடு பட்டன் இடுக்கில் போகும், உள்ளே இருக்கிற ஈரம் அப்படியே கிடக்கும். அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுத்து மூடியைத் திறந்து உலர்த்துங்கள்.