கொறங்காட்டில் மாட்டு மந்தை: மேய்ச்சல், இனத் தேர்வு, நோய்த்தடுப்பு

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் புதிதாக மாட்டு மந்தை வைக்க நினைப்பவர், சந்தைக்குப் போகும் முன் தம் கொறங்காட்டை, அதாவது உயிர்வேலி கட்டிப் புல்லும் மரமும் வளரவிட்ட மேய்ச்சல் நிலத்தை, ஒரு முறை முழுதாக நடந்து பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து முடிந்துவிடும் இந்தச் சீமையில், எத்தனை மாடு வைக்கலாம் என்பதைக் கையில் உள்ள பணத்தைவிடக் காட்டில் உள்ள கொழுக்கட்டைப் புல்லே முடிவு செய்கிறது. 350 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை உலர்தீவனம் வேண்டும். அதைக் கோடையிலும் கொடுக்க முடியுமா என்று கணக்குப் பார்த்து, அந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கொறங்காட்டில் மாடுகள் ஆளில்லாமல் இரவும் பகலும் மேய்வதால், கிளுவை வேலியில் சந்து இருக்கக் கூடாது. பட்டுப்போன இடங்களில் மழைக்கு முன்பே புதுக் கிளுவைக் கம்புகளை நட்டு அடைத்துவிட வேண்டும். காட்டை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, புல் நான்கு விரல் உயரத்துக்குக் குறைவதற்குள் மாடுகளை அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும். முதல் மழையில் தளிர்க்கும் புல்லைப் பார்த்து அவசரப்பட்டு மந்தையை உள்ளே விடுகிறவர்களின் காடு சில ஆண்டுகளில் வெறும் தரையாகிவிடுகிறது. ஒரு பகுதியையாவது கதிர் விட்டு விதை உதிரும் வரை மூடி வைப்பது கட்டாயம். புல் மெலிந்த காட்டை உழுது, கம்பு அல்லது கொள்ளு விதைப்போடு கொழுக்கட்டை விதையையும் தூவலாம். புது விதைக்கு உறக்கம் உண்டு என்பதால், எடுத்து 6 மாதமாவது ஆன விதையையே பயன்படுத்த வேண்டும். வெள்வேல மரங்களை வெட்டக் கூடாது. அவற்றின் நிழலும் காயும் கோடையில் மந்தைக்குப் பெரிய துணை. வேலிகாத்தான் எனப்படும் சீமைக் கருவேல முள்ளை மட்டும் இரக்கமில்லாமல் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

இந்தக் காட்டுக்கு ஏற்ற இனம் காங்கயம்தான். பர்கூர் மலை மாடு காட்டுப் பட்டியில் வளர்ந்து பழகியது; மிரட்சி மிகுந்த அது வேலிக்குள் எளிதில் அடங்காது. ஜெர்சிக் கலப்பினத்துக்கு நிழலும் பசுந்தீவனமும் தண்ணீரும் தாராளமாக வேண்டும். காங்கயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கறப்பது அரிது. ஆகவே பாலை நம்பி இதை வாங்கக் கூடாது. கன்றும் காளையும் எருவுமே இதன் வருமானம்.

வாங்கும்போது பல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது. நிலைப்பல் எல்லாம் முளைத்துக் கடை சேர்ந்திருந்தால் ஐந்து வயதைத் தொட்டிருக்கும். பசுவை இருபது அடி நடக்கவிட்டு, பின்னங்கால் இழுக்கிறதா என்று பார்த்து, நான்கு காம்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோலில் மயிர் சுழன்றிருக்கும் சுழிக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை, ஆனால் விற்கும்போது வியாபாரி சுழியைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார் என்பதால் அதையும் பார்த்து வைப்பதில் தவறில்லை. சிவப்பாகப் பிறக்கும் கன்று ஏறக்குறைய ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறும் என்பதால், இளங்கன்றின் நிறத்தைக் கண்டு இனத்தைச் சந்தேகிக்க வேண்டாம். இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளையை அதன் கிடாரிகள் பருவத்துக்கு வருவதற்குள் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மந்தை உள்ளுறவிலேயே தேய்ந்துபோகும்.

கன்று பிறந்ததும் தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவி, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டாவது வாரத்தில் முதல் குடற்புழு மருந்தைக் கொடுத்து, ஆறு மாதம் வரை மாதந்தோறும் தொடர வேண்டும்.

நம் பகுதியில் நோயைவிட வேகமாக மாட்டைக் கொல்வது இளஞ்சோளம். மழை தவறி வாடி நிற்கும் சோளத்திலும், அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு மிகுதியாக ஊறும். வேலி தாண்டி அதை மேய்ந்த மாடு சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி, கால் பின்னிக் கீழே விழும். கண்ணிமையின் உட்புறம் பளிச்சென்று சிவந்திருக்கும். மருத்துவர் உடனே வந்து சோடியம் தயோசல்பேட் ஊசியை இரத்தக் குழாயில் போட்டால் பிழைக்க வழியுண்டு. நாட்டு மருந்து அரைத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பூவெடுத்த பிறகு அறுத்து, நன்றாக வெயிலில் காய வைத்துப் போர் போட்ட சோளத் தட்டில் இந்த அச்சம் பெரும்பாலும் இல்லை.

சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, பெருமழைக்கு முன் தடுப்பூசி போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரமாகும் என்பதால், நமக்கு ஆவணியிலேயே முடித்துவிடுவது சரி. சப்பை நோய் கொழுத்த இளம் மாடுகளையே பிடிக்கும். தொடையிலோ தோளிலோ வீங்கிய இடத்தை அழுத்தினால் உள்ளே காற்று நெறிபடும் ஓசை கேட்கும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். கன்று வீச்சு நோய்க்கு நான்கிலிருந்து எட்டு மாதக் கிடாரிகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. தோல் கழலைக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுகிறார்கள். காய்ச்சலோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகித்து அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். திடீரென்று இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது, தோலையும் உரிக்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

கழிக்கும் மாடு பற்றிப் பலர் வாய்விட்டுப் பேசத் தயங்குகிறார்கள். வீட்டில் கட்டி வைத்துத் தீவனம் போட முடியாதவர் விற்கும் மாடுகளில் பெரும்பங்கு பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகிறது என்பது ஊரறிந்தது. தமிழ்நாட்டுக்குள் அறுக்க, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாடு பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக உதவாமல் போனது என்றோ சான்று வேண்டும். விற்பவர் மேல் இன்னொரு பொறுப்பும் உண்டு. எதிர்நுண்ணுயிர் ஊசியோ உண்ணி ஊசியோ போட்ட மாட்டை, அந்த மருந்துப் பெட்டியில் குறித்துள்ள விலகல் நாட்கள், அதாவது மருந்து உடலைவிட்டு நீங்க வேண்டிய நாட்கள், முடியும் முன் இறைச்சிக்கு அனுப்பக் கூடாது. ஆகவே எந்த மாட்டுக்கு, எந்த நாளில், என்ன ஊசி போட்டது என்று தொழுவத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வியாபாரி கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் காட்டியே மாட்டைக் கைமாற்ற வேண்டும்.